வாவிக்கரையில் பழைய றலி: அடையாளம் காணல், மீட்டெடுத்தல், ஓட்டுதல்

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கு மேலே இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் பஸ்ஸும் லொறியும் ஓடுகின்றன. வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலமான லேடி மனிங் பாலம், நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் என்று ஆகிவிட்டது. காலை வேளையில் அதில் போகும் சைக்கிள்களில் லுமாலாதான் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் தடித்த ரயர் போட்ட மவுண்டன் சைக்கிளில் பறப்பார்கள். இடையில் ஒன்று வேறு மாதிரி வரும். கறுப்பு உடம்பு, உயர்ந்த பார், ஹாண்டிலின் கீழே ஓடும் கம்பிப் பிறேக், முதுகு வளையாமல் உழக்கிக்கொண்டு போகும் ஒரு பெரியவர். றலி, ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., ஹேர்குலிஸ் என்று இங்கிலாந்தில் செய்து கப்பலில் இலங்கைக்கு வந்த சைக்கிள்கள் அவை.

அப்படி ஒன்றை வீட்டில் வைத்திருப்பவருக்கும் எங்காவது கிடைக்காதா என்று தேடுகிறவருக்கும் எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

மட்டக்களப்பில் இவை இத்தனை காலம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு, கடலோர எழுவான்கரையையும் வயல்புறமான படுவான்கரையையும் பிரித்து வைத்திருக்கிறது. இரு கரையும் ஏற்றமோ இறக்கமோ இல்லாத சமதரை. பாலம் இல்லாத துறைகளில் மக்களைக் கடத்தியது பாதை எனப்படும் தட்டையான மிதவைப் படகு. அதில் சைக்கிளை உருட்டி ஏற்றி, அக்கரையில் உருட்டி இறக்கிவிட்டு உழக்கத் தொடங்கலாம். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைக்குப் போன பலருடைய வழி அதுதான். விறகு, பால், மீன் பெட்டி, நெல்மூட்டை எல்லாம் கரியரில் போயின. போர்க்காலத்தில் எரிபொருள் அரிதானபோதும், 2022இல் பெற்றோல் நிலையங்களின் முன்னே நாள்கணக்கில் வரிசை நின்றபோதும், கொட்டில்களில் கிடந்த பழைய சைக்கிள்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன. இப்படி அடிக்கடி தேவைப்பட்டதால்தான் அவை பழைய இரும்புக்காரரிடம் போகாமல் தப்பின.

பழைய சைக்கிளை மீட்பது என்றால் அதைப் புதிதாக்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, புதுப் பெயின்ற் அடித்து, பளபளக்கும் புதுச் சாமான் பூட்டுகிறார்கள். இந்த நூல் அந்தப் பக்கம் நிற்கவில்லை. எடுத்தெறிவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மீட்பு நல்லது. சைக்கிள் ஓட வேண்டும், ஆனால் அதோடு வந்த உறுப்புகளோடு ஓட வேண்டும்.

இந்த மனப்போக்கு உலகில் மிகத் தீவிரமாக வளர்ந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மரின் பகுதி. 1970களில் அங்கே சில இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் சைக்கிள்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, டமால்பாய்ஸ் மலைச்சாரலில் உருட்டி விளையாடினார்கள். 1976 ஒக்டோபர் 21இல் அவர்கள் நடத்திய முதல் இறக்கப் போட்டிக்கு ரீபாக் என்று பெயர் நிலைத்தது. கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப்பின் பிறேக் கொதித்து கிறீஸ் எல்லாம் புகையாகிப் போகும். திரும்பவும் கிறீஸ் அடைக்காமல் அடுத்த ஓட்டம் இல்லை. அதிலிருந்து வந்த பெயர் அது. பழைய சைக்கிள்கள் அடிக்கடி முறிந்ததால், அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே தன் கையால் ஒரு பிறேமைப் பற்றவைத்தார். அதைத் தொடர்ந்து அடுத்த ஆண்டுக்குள் பத்து பிரீசர் சைக்கிள்கள் உருவாகின. அவற்றில் ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தலைமுறை கைவேலைச் சைக்கிள்களைப் போற்றுகிறவர்கள், கீறல் விழுந்த முதல் பெயின்றை மறுபூச்சைவிட மேலாக மதிக்கிறார்கள். சைக்கிள் செய்த ஆண்டுக்கே உரிய பிறேக் பிடிக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வாவிக்கரையில் றலி வைத்திருப்பவர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பொறுமையை.

எந்தச் சைக்கிள், எந்தக் காலம்

தலைப் பட்டயம் இல்லாமல் போயிருக்கலாம், எழுத்துகள் அழிந்திருக்கலாம். செயின்வீல் மட்டும் பொய் சொல்வது குறைவு. றலியின் செயின்வீலில் நாரையின் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். அது கம்பனியை வளர்த்த பிராங்க் பவுடனின் குலச்சின்னத்திலிருந்து வந்தது. றட்ஜ் என்றால் விரித்த உள்ளங்கை. ஹம்பரில் வட்டமாக ஓடும் மனித உருவங்கள். பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே பற்களைத் தாங்கி நிற்கும். துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பனி அது, ஆகவே அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாத்தி வைத்திருக்கும். ஹம்பருக்கு இன்னொரு உறுதியான அடையாளம் முன் போர்க். மற்றவற்றில் பக்கத்துக்கு ஒரு குழாய் இருக்கும் இடத்தில் ஹம்பரில் இரண்டு மெல்லிய குழாய்கள் சேர்ந்து இறங்கும். இந்த இரட்டைப் போர்க் முறியாமல் வளையாமல் கிடைத்தால், மீதிச் சைக்கிள் எந்த நிலையில் இருந்தாலும் வாங்கத் தகும்.

பெயர்கள் வேறாக இருந்தாலும் வீடு ஒன்றாகிப் போன கதையும் தெரிந்திருப்பது நல்லது. நொட்டிங்ஹாமில் 1880களின் இறுதியில் தொடங்கிய றலி, 1932இல் ஹம்பர் சைக்கிளையும் 1943இல் றட்ஜையும் 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கிக்கொண்டது. 1960இல் ஹேர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய பெயர்களும் அதே குடைக்குள் வந்தன. ஆகவே 1950களின் ஹம்பர் என்பது பெரும்பாலும் றலியின் உடம்பில் ஹம்பரின் செயின்வீலும் போர்க்கும் பூட்டியது. உதிரிப்பாகம் தேடும்போது இது கைகொடுக்கும், ஏனென்றால் ஒன்றின் கிராங்க் பெயரிங் கப் மற்றதற்குப் பொருந்தும்.

பெயரை மட்டும் நம்பி இங்கிலாந்துச் சைக்கிள் என்று விலை கொடுத்துவிடக் கூடாது. வங்காளத்தில் அசன்சோலில் சென்-றலி தொழிற்சாலை றலியைச் செய்தது. சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகியவற்றைச் செய்தது. அவையும் நல்ல உழைப்பாளிச் சைக்கிள்கள்தான். ஆனால் விலை வேறு, திருகுப் புரி வேறாக இருக்கலாம்.

காலத்தைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி பின் ஹப். மூன்று கியர் உள்ள சைக்கிளாக இருந்தால் ஹப்பின் உடம்பில் ஸ்ரேமி-ஆர்ச்சர் என்ற பெயரோடு ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகள் இருக்கும். இந்த வகை 1936இல் வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்தால் அதே இடத்தில் எண்கள் தெரியும். 56 என்றும் பக்கத்தில் 3 என்றும் இருந்தால், 1956 மார்ச்சில் செய்த ஹப். ஹப்பை யாராவது பிறகு மாற்றியிருக்க இடமுண்டு என்பதால், சில்லின் ஸ்போக்குகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஆங்கில முறையில் முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40. இரண்டிலும் 36 இருந்தால் சில்லுகள் பிற்காலத்தவை. வீட்டில் பழைய பற்றுச்சீட்டோ நகரசபைக்குச் சைக்கிள் வரி கட்டிய துண்டோ கிடைத்தால், அதுவும் சைக்கிளின் ஒரு உறுப்பு என்று எண்ணிப் பத்திரப்படுத்த வேண்டும்.

வாங்குமுன் தட்டிப் பார்த்தல்

இவை பெரும்பாலும் கடையில் விலைக்கு நிற்பதில்லை. ஒரு வளவில், ஆட்டுக் கொட்டிலின் பின்னால், ரயர் இல்லாமல் சாய்ந்து கிடக்கும். கேட்டால் "அது எங்கட அப்பாட சைக்கிள்" என்ற பதில் வரும். அதற்குமேல் விலை பேசுவது பொறுமையோடு செய்ய வேண்டிய வேலை. கொடுக்க மனமில்லாதவரிடம் ஓட வைத்துத் தருவதாகச் சொல்லிப் பார்க்கலாம். சைக்கிள் கைமாறாவிட்டாலும் ஊரில் ஒரு றலி கூடுதலாக ஓடும்.

வாவிக்கரையில் பார்க்க வேண்டிய முதல் விடயம் உப்பு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, நாவலடி, காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கத்தில் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. வெளியே தெரியும் துருவால் அவ்வளவு பயமில்லை, குழாய்க்குள் இருப்பதுதான் ஆபத்து. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தண்ணீருக்குள் கிடந்த சைக்கிளானால், சீற் குழாய் வழியாக உள்ளே போன கடல் நீர் கீழே கிராங்க் பொருந்தும் கூட்டில் தங்கி, வருடக்கணக்கில் தின்றிருக்கக்கூடும். சீற்றைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாகத் தட்ட வேண்டும். செந்நிறத் தூள் கொஞ்சம் விழுந்தால் சாதாரணம். தகடு தகடாக உதிர்ந்தால் யோசிக்க வேண்டும்.

பிறகு ஒரு சிறிய ஸ்பனரால் குழாய்களை நெடுகத் தட்டிக்கொண்டு போகலாம். நல்ல இரும்பு கணீர் என்று பதில் தரும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகும். கிராங்க் கூட்டின் அடிப்பக்கம், பின் மட்காட் பூட்டும் குறுக்குத் துண்டு, போர்க்கின் தோள் ஆகிய மூன்று இடங்களிலும் பெயின்ற் கொப்புளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முன்னால் மோதிய சைக்கிளானால் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, பாரின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு சுருக்கம் விழுந்திருக்கும். மூட்டு விட்டிருந்தால் பித்தளை போட்டுப் பற்றவைத்து மீட்கலாம், இந்தப் பிறேம்கள் அப்படித்தான் முதலில் செய்யப்பட்டன. குழாய் மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் ஓட்டுவதற்காக வாங்க வேண்டாம். செயின்வீலுக்காகவும் ஹப்புக்காகவும் மட்டும் வாங்கலாம்.

கழற்றும் வேலை

பழைய சைக்கிள்களில் அதிகம் நாசமாவது ஓட்டத்தில் அல்ல, சம்மட்டியில். அதிலும் கிராங்கைப் பிடித்து வைத்திருக்கும் கொட்டர் பின்தான் அதிகம் அடி வாங்குகிறது. அதை எடுக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் நாள் இரவே பின்னின் இரு முனையிலும் மெல்லிய எண்ணெய் சில துளி விட்டு வைக்க வேண்டும். மறுநாள் நட்டைத் தளர்த்தி, அதன் விளிம்பும் பின்னின் நுனியும் சமமாக நிற்கும் அளவில் நிறுத்த வேண்டும். முழுதாகக் கழற்றிவிட்டு அடித்தால் பின்னின் புரி நசுங்கிவிடும். அடுத்தது தாங்கு. கிராங்கின் அடியில், பின்னின் தலை போய்வர இடைவெளி உள்ள ஓர் இரும்புக் குழாயை நிலத்திலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். தாங்கு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் பெயரிங் குண்டுகளின் மேல் விழும். கப்பில் குழி விழுந்துவிடும். தாங்கு சரியாக இருந்தால், கனமான சுத்தியலின் ஓர் உறுதியான அடி போதும். இருபது சின்ன அடி பின்னை வளைக்கும், ஒரு நல்ல அடி கழற்றும். அதற்கும் அசையாவிட்டால் திரும்ப எண்ணெய் விட்டு இன்னொரு இரவு விட வேண்டும்.

புதிய பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோக வேண்டும். நொட்டிங்ஹாம் சைக்கிள்களுக்கு ஒன்பதரை மில்லிமீற்றர், வேறு பலவற்றுக்கு ஒன்பது. அரை மில்லிமீற்றர்தானே என்று சிறியதைப் போட்டால் கிராங்க் ஆடத் தொடங்கும். இரு பக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது.

கப் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நொட்டிங்ஹாமில் செய்த றலி குடும்பத்துச் சைக்கிள்களின் கிராங்க் கூட்டில் திருகுப் புரி அங்குலத்துக்கு 26. மற்ற ஆங்கிலச் சைக்கிள்களுக்குப் பொதுவாக 24. கடையில் கிடைக்கும் கப் இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அங்கேதான் யாரோ பெரிய ஸ்பனரைப் போட்டு இறுக்கி, எழுபது வருடப் புரியை ஒரு நிமிடத்தில் அறுத்துவிடுவார்கள். ஆகவே பழைய கப்பை எறியவே கூடாது. தேய்ந்த கப்கூடப் புதிய கால் அங்குலக் குண்டுகளோடு, பக்கத்துக்குப் பதினொன்று என்று, நல்ல கிறீஸில் உட்கார்ந்தால் இன்னும் பல வருடம் ஓடும். தெரியாத இளைஞரிடம் கொடுப்பதைவிட, இந்த வகையை முன்பு பிரித்துப் பூட்டிய வயதான கடைக்காரர் ஒருவரை ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ விசாரித்துக் கண்டுபிடித்து, கிடைத்தால் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவது எத்தனையோ மடங்கு மேல்.

பெயின்ற், குரோமியம், தோல்

கறுப்பு எனாமலின் மேல் ஓடும் பொன்கோடுகள் தூரிகையால் கையால் இழுத்தவை. தொழிற்சாலைச் சைக்கிளில் மனிதக் கை நேராகத் தெரியும் இடம் அதுதான். அதன் மேல் உப்புத்தாளைப் போட்டால் திரும்ப வராது. மென்சவர்க்காரமும் தண்ணீரும் முதலில், பிடிவாதமான எண்ணெய் அழுக்குக்கு மண்ணெண்ணெய், காய்ந்தபின் ஒரு மெழுகுப் பூச்சு. வேலை அவ்வளவுதான். எழுத்துகள் ஒட்டிய இடத்தில் மண்ணெண்ணெயும் வேண்டாம். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுப்பது போதும்.

குரோமியத்தில் புள்ளி புள்ளியாக வந்த துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் வியக்கத்தக்க அளவு போய்விடும். தேசிக்காயும் புளியும் வேலை செய்யும்தான், ஆனால் அவற்றின் புளிப்பை நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் ஒரு வாரத்தில் துரு இரட்டிப்பாகத் திரும்பும். கழுவியதும் வெயிலில் காயவிட்டு, எண்ணெய்த் துணியால் ஒரு தடவல்.

சீற் புறூக்ஸ் ஆக இருந்தால் அது தனிச் செல்வம். பேமிங்ஹாமில் 1866இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் தோல் சீற்றுகள், உட்காருபவரின் உடம்புக்கு ஏற்பத் தாமே வளைந்துகொள்கின்றன. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து மெதுவாக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படி ஊறிய தோல் தொட்டில்போலத் தொங்கிப்போகும். மூக்குப் பக்கத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் நிமிராது. தோலுக்கென்று விற்கும் மெழுகை ஆண்டுக்கு இரண்டு முறை மெல்லியதாகத் தடவுவது போதும். மாரி மாதங்களில் பொலித்தீனால் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில் துணியால் மூட வேண்டும்.

முன்சில்லின் நடுவில் பெரிய டப்பா போன்ற ஹப் இருந்தால் அது டைனோஹப். சில்லு சுற்றும்போதே விளக்கெரிக்கும் மின்சாரம் உள்ளே உண்டாகும். அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. காந்த வளையத்தை அதன் கம்பிச் சுருளிலிருந்து வெறுமனே உருவி எடுத்தால் காந்தம் வலுவிழந்துவிடும், பிறகு விளக்கு மங்கிப்போகும்.

மூன்று கியரின் மொழி

ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாவது கியர் நேர் ஓட்டம். முதலாவது அதைக் கால்வாசி இலகுவாக்குகிறது. மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்டுகிறது. பற்சில்லுகள் முழுவதும் ஹப்புக்குள்ளே அடைபட்டிருப்பதால் மணலும் உப்பும் இலகுவில் அண்டாது. வாவிக்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கியர் செய்யப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம். வருடக்கணக்கில் நின்ற ஹப்புகூட எண்ணெய் விட்டதும் உயிர்பெறும்.

ஆனால் எந்த எண்ணெய் என்பதில் விடாப்பிடியாக இருக்க வேண்டும். ஹப்பின் உடம்பில் ஒரு சிறு மூடி இருக்கும்; அதைத் திறந்து மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி. சமையல் எண்ணெய் எதுவும் கூடாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி, உள்ளே இருக்கும் சிறு நாக்குகளை ஒட்டவைத்துவிடும். நாக்கு எழும்பாவிட்டால் பெடல் வெறுமனே சுற்றும்.

கியர் கம்பியைச் சரிசெய்வதற்கு அளவுகோல் தேவையில்லை. நெம்பை இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டு, வலப்பக்க நட்டில் உள்ள துளை வழியாகப் பார்க்க வேண்டும். உள்ளிருந்து வரும் மெல்லிய கோலின் தோள், அச்சின் முனையோடு சமமாக நின்றால் சரி. கம்பி தொய்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் வரும். எழுந்து நின்று உழக்கும் நேரத்தில் அது வந்தால் பாரின் மேல் விழ வேண்டியதுதான். எனவே புதிதாக மீட்ட சைக்கிளில் முதல் சில நாட்கள் எழும்பி நின்று உழக்க வேண்டாம்.

வீதியில்

ரயர் கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கிடைக்கும். 28க்கு ஒன்றரை என்ற அளவு இந்தியாவில் இன்னும் அன்றாடப் பாவனையில் இருப்பதால் இங்கும் தட்டுப்பாடில்லை. சிறிய சில்லு உள்ள ஸ்போட்ஸ் வகைக்கு 26க்கு ஒன்றேகாலே அரைக்கால் என்று கடைக்காரர் ஏதாவது சொன்னால் குழம்பாமல், பழைய ரயரின் பக்கத்தில் அச்சான எண்ணை அப்படியே காட்ட வேண்டும். அதே 26 என்ற பெயரில் மவுண்டன் சைக்கிள் ரயரும் உண்டு. அது இதற்கு ஏறாது. காற்று இறங்கிக்கொண்டே இருந்தால் ரியூப்பை ஒட்டுமுன் வால்வு றப்பரை மாற்றிப் பார்க்கலாம், பாதி நேரம் குற்றம் அங்கேதான்.

பிறேக் பற்றி மறைக்காமல் எழுத வேண்டும். கம்பிப் பிறேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி அழுத்துகின்றன. காய்ந்த வீதியில் அது போதுமானது. மழையில் குரோமிய ரிம் நனைந்தால் பிடி மிகக் குறைந்துபோகும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும் ஊரில் இது உயிர் பற்றிய விடயம். மழை தொடங்கியதும் வேகத்தைப் பாதியாக்கி, நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே பிறேக்கை மெல்லப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். கட்டைகள் இறுகிக் கண்ணாடிபோல் மினுங்கினால் உடனே மாற்ற வேண்டும். பழைய உறுப்பைக் காப்பாற்றும் கொள்கை பிறேக் கட்டைக்குப் பொருந்தாது.

மீட்ட சைக்கிளை முழுநாள் ஓட்டிப் பார்க்க நல்ல சுற்று ஒன்று உண்டு. புளியந்தீவில் கோட்டைப் பக்கமிருந்து விடிகாலையில் புறப்பட்டு, கல்லடிப் பழைய பாலத்தால் எழுவான்கரைக்கு ஏறி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகத் தெற்கே வந்து, மண்முனைப் பாலத்தால் மகிழடித்தீவுக்குக் கடக்கலாம். காத்தான்குடி வழியே போகும் பிரதான வீதியில் வாகன நெரிசல் அதிகம், அதைச் சூடேறுமுன் தாண்டிவிட வேண்டும். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீச்சரர் கோயிலடியில் இறங்கி, சில்லின் நட்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டியவை முதல் ஓட்டத்தில்தான் தளரும். அங்கிருந்து படுவான்கரை நெடுக வடக்கே, கூத்துக்குப் பேர்பெற்ற கன்னன்குடாவைத் தாண்டி வவுணதீவுக்கு வந்து, வலையிறவுப் பாலத்தால் பட்டினம் சேரலாம். இன்னும் தெற்கே போக விரும்புகிறவருக்குக் குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை ஓடும் துறைகள் இருக்கின்றன. ஓடும் நேரத்தைத் துறையில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதையில் ஏற்றியதும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவிட்டு விலகக் கூடாது, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் புறப்படுவது புதியவர் செய்யும் தவறு. மே முதல் செப்டெம்பர் வரை தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான், வயல்வெளியில் தடுப்பேதும் இல்லாமல் வரும். நிமிர்ந்து உட்கார வைக்கும் இந்தச் சைக்கிளில் நெஞ்சு முழுவதும் அதற்குக் கொடுத்த மாதிரித்தான். முதலாவது கியர் மலைக்கு மட்டும் உரியதென்று நினைப்பவர்கள் வவுணதீவு வெளியில் அதன் அருமையை அறிவார்கள்.

மலை என்று ஏதாவது வேண்டுமானால் குடும்பிமலைதான். உன்னிச்சைப் பக்கமும் குடும்பிமலைப் பக்கமும் போகும் கிறவல் வீதிகளை றலி தாங்கும். சாய்ந்த போர்க்கும் நீண்ட உடம்பும் குலுக்கலை உறிஞ்சிவிடும். ஆனால் அவை யானை நடமாடும் பகுதிகள். பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும், தனியே போகக் கூடாது, அன்றைய நிலவரத்தை வழியிலுள்ள ஊர்க்காரரிடம் கேட்காமல் காட்டோர வீதியில் இறங்கவே கூடாது.

வீடு வந்ததும் வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் ஓடிய நாளானால், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ரிம், ஸ்போக், பிறேக் கம்பிகள் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். கிணறு உவர் என்றால் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. செயினுக்குச் சில துளி எண்ணெய், பிறேக் கம்பிகள் திரும்பும் மூட்டுகளுக்கு ஒவ்வொரு துளி. மாரி தொடங்குமுன் செப்டெம்பரில் ஒரு நாள் ஒதுக்கி, சீற்றைக் கழற்றிக் குழாய்க்குள் இரண்டு மூன்று தேக்கரண்டி இயந்திர எண்ணெயை ஊற்றி, சைக்கிளை நாலு பக்கமும் சாய்த்து உருட்டி எடுக்க வேண்டும். அடுத்த நாள் கிராங்க் கூட்டின் அடியில் எண்ணெய் கசிந்து நிலத்தில் கறை தெரிந்தால், அது உள்ளே முழுதும் ஓடிச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றிய பழைய குண்டு, கொட்டர் பின், நட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு, எந்தச் சைக்கிளுடையது, எந்த வருடம் கழற்றியது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும்.